குளத்தைத் தூரவிட்டு ஆட்சி கேட்பதா?
வேலணை நமக்குச் சொல்லும் பாடம்

ஆவணி மாதத்து நண்பகலிலே பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கு நோக்கிச் செல்லுங்கள். இருமருங்கும் பரவைக் கடல் பரந்து கிடக்கும். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்து வேலணை எல்லைக்குள் புகுந்தால், ஒழுங்கை முகப்புகளிலே வெற்றுக் குடங்களும் பிளாஸ்டிக் கலன்களும் வரிசை பிடித்து நிற்கும். மனிதர் நிழலில் ஒதுங்கியிருப்பர்; குடங்கள் மட்டும் வெயிலிலே காத்திருக்கும். எதற்காக? பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வருமென்று!

கிணறு வெட்டத் தெரியாத மக்களா இவர்கள்? குளம் கட்ட அறியாத குடிகளா? அல்லவே! துலா மிதித்து, பட்டை கட்டி, விடியற்சாமத்தில் புகையிலைக்கு இறைத்த பாட்டன்மாரின் பேரர்களன்றோ இவர்கள்! பெருங்குளம் என்ற பெயரையே தன் இருப்பிடப் பெயராகக் கொண்டு முத்துமாரியம்மன் எழுந்தருளியிருக்கும் ஊரன்றோ இது! அம்மனின் பெயரிலே குளம் இருக்கிறது. அடியாரின் குடத்திலே தண்ணீர் இல்லை. இந்த முரண்பாட்டைக் கண்டும் காணாதவர் போல் நாம் இருக்கும்வரை, சுயாட்சி என்றும் தன்னாட்சி என்றும் நாம் முழங்கும் முழக்கமெல்லாம் வெறும் ஓசையாகவே முடியும். இதைச் சொல்வதற்கே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. சிலருக்குக் கசக்கும். கசப்பது மருந்தாயின் உண்ணத்தான் வேண்டும்.

ஒரு சபையின் எல்லை

வேலணை பிரதேச சபை என்றால் ஏதோ ஒரு குக்கிராமத்தின் சங்கம் என்று வெளியூரார் எண்ணுவர். அதன் எல்லையை ஒருமுறை நோக்குங்கள். வேலணைத் தீவின் தென்பகுதி, தாம்போதியால் இணைந்த மண்டைதீவு, வாணர் தாம்போதிக்கு அப்பாலுள்ள புங்குடுதீவு, கடல் கடந்து படகில் செல்ல வேண்டிய நயினாதீவு ஆகிய இத்தனையும் அதன் ஆட்சிக்குள் அடங்கும். ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை முதலிய வடபகுதி ஊர்கள் வேறு சபையின்கீழ் உள்ளன. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுகளையும், அவற்றினுள்ளே மழைநீரை ஏந்தி நிற்கும் குளங்களையும் கேணிகளையும் தரவைகளையும் கொண்ட நீர்நாடு இது. நீரே இதன் எல்லை. நீரே இதன் உயிர். நீரே இன்று இதன் துன்பம்.

இந்த மண்ணுக்கு வரலாறு இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வளவிலே ஒரு கல்வெட்டு உண்டு. 12 ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது அது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகருக்குக் காப்பு அளிக்கவேண்டுமென்று அதிலே அரசன் ஆணையிடுகின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்று விதி வகுக்கின்றான். எந்த மொழியில் வகுத்தான்? தமிழில்! சிங்கள நாட்டின் பேரரசன், தீவகத்து மக்களும் துறைக்கு வந்த வணிகரும் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று தன் ஆணையைத் தமிழிலே கல்லில் பொறித்தான். அவனுக்கு இருந்த நிருவாக அறிவு, ஏறத்தாழ 800 ஆண்டுகளின் பின் 1956 இலே தனிச் சிங்களச் சட்டம் இயற்றியோருக்கு இல்லாமற் போயிற்று!

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றினர். துறை என்ற பொருளுடைய அவர்களின் சொல்லே இன்றும் ஆங்கிலத்தில் அவ்வூருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. 1658 இலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டுப் பட்டினங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வந்தவர் போயினர், தந்த பெயர்களுட் சில இன்னும் வரைபடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எவன் ஆண்டாலும் இத்தீவகத்தார் மழையை நம்பினர், குளத்தைப் பேணினர், தம் கையை நம்பினர். அந்த நம்பிக்கைதான் ஊராட்சியின் அடிப்படை.

கல்வியிலும் இம்மண் பின்தங்கியதில்லை. தமிழாராய்ச்சியை உலக அரங்குக்கு ஏற்றி, 1966 இலே கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகள் பிறந்தது இத்தீவின் கரம்பொன். கிளிநொச்சிக்கும் பின்னர் ஊர்காவற்றுறைக்கும் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம் பிறந்தது வேலணை. இவ்வளவு பெருமையும் இருந்தென்ன? ஊருக்குள் உவர்நீர் ஏறுவதைத் தடுக்க நம்மால் முடியவில்லையே!

மண்ணுக்கடியில் நடப்பது என்ன?

உணர்ச்சியால் மட்டும் பேசுவதில் பயனில்லை. விடயத்தை அறிவால் ஆராய்வோம். தீவகத்திலே ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பொழியும் வடகீழ்ப் பருவமழையே நமக்குக் கிடைக்கும் ஒரே வருவாய். அந்த மழைநீர் மணலுக்கூடாகவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்கூடாகவும் நிலத்தடிக்கு இறங்குகிறது. இறங்கிய நன்னீர், உவர்நீரை விட இலேசானதாகையால், அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கண்ட விதி. விதியை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து ஏறத்தாழ 40 அடி உவர் ஏறிவரும்! குளம் தூர்ந்து மழைநீர் கடலுக்கு ஓடினாலும், மணலை வாரிக்கொண்டு போனாலும், மின்சார இயந்திரம் வைத்து இரவு பகலாக இறைத்தாலும் நடப்பது இதுவே.

மண்கும்பான் என்ற பெயரைக் கேளுங்கள். மணல் குவிந்த இடத்தைக் கண் முன்னே காட்டும் பெயர் அது. அந்த மணற்கும்பங்களும் சாட்டிக் கடற்கரையின் மணற்பரப்பும்தான் இத்தீவின் நன்னீர்ப் பெட்டகம். கடலுக்கு மிக அண்மையிலே சாட்டியில் நன்னீர் ஊறும் அதிசயத்தைக் கண்டு வியவாதார் இல்லை. கடற்பயணிகளின் காவலாகச் சிந்தாத்திரை மாதா கோயில் கொண்டிருப்பதும் அக்கரையிலேதான். சுற்றுப்புற ஊர்களின் தாகத்தைத் தணித்த நீர் அங்கிருந்தே சென்றது. அந்தப் பெட்டகத்தின் மூடியாகிய மணலை நாம் என்ன செய்தோம்? வண்டி வண்டியாக அள்ளினோம். யாழ்ப்பாணத்தில் மாடி எழுப்ப அள்ளினோம். மதில் கட்ட அள்ளினோம். பகலில் உரிமத்தோடும் இரவில் உரிமமின்றியும் அள்ளினோம்.

அண்மையில் வேலணையிலே ஒரு முதிய கமக்காரர் தம் கிணற்றுக் கட்டிலே அமர்ந்து என்னிடம் சொன்னார்: “தம்பி, எங்கடை அப்பு இந்தக் கிணத்துத் தண்ணியிலைதான் புகையிலைக்கு இறைச்சவர். இப்ப மாடும் வாய் வைக்குதில்லை.” இவ்வளவே அவர் சொன்னது. யாரையும் அவர் குறை கூறவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் ஓர் ஊரின் வீழ்ச்சி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் கொழும்பு

முதற் குற்றவாளி யார்? ஐயமின்றிக் கொழும்பு அரசாங்கமே.

கிராமச் சங்கங்கள் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பிரித்தானியர் காலத்திலேயே தோன்றியவை. அன்னிய ஆட்சிகூட ஊருக்கு ஒரு சங்கம் வேண்டுமென்று ஏற்றது. சுதந்திர இலங்கையோ 1981 இலே கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் ஒருங்கே ஒழித்தது. அவற்றுக்குப் பதிலாக மாவட்ட அபிவிருத்தி சபை என்று ஒன்றைத் தந்தது. அந்தச் சபைக்கான தேர்தலை ஒட்டிய நாட்களிலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று என்பதை நாம் மறக்கலாமா? பின்பு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் பிறந்தன. பிறந்தது ஏட்டிலே. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்தைப் படையினர் கைப்பற்றியபோது, மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். வீடுகள் கூரையிழந்தன, கிணறுகள் பாழடைந்தன, குளங்களிலே புதர் மண்டிற்று.

யாழ்ப்பாண மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1998 சனவரியிலே ஒரு தேர்தல் நடந்தது. அதன்பின் தீவகத்து மக்கள் தம் சபைக்கு வாக்களித்தது 2011 சூலையிலே. அதன்பின் 2018 பெப்ரவரியிலே. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் ‘பணமில்லை’ என்ற சாக்கால் நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகத்திலே உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 ஆம் நாளே வாக்குப் பெட்டி ஊருக்கு வந்தது. கணக்கிட்டுப் பாருங்கள். 1981 தொடக்கம் 2025 வரையான 44 ஆண்டுகளில், மக்கள் தெரிந்தெடுத்த சபை ஊரை நடத்திய காலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே! எஞ்சிய காலமெல்லாம் ஊரின் உரிமை ஓர் அதிகாரியின் மேசையிலே கிடந்தது. மழை ஆண்டுதோறும் தவறாது வந்தது, தேர்தல் வரவில்லை.

தேர்தல் வந்தாலும் அதிகாரம் வந்ததா? சட்டம் என்ன சொல்கின்றது? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், மக்களின் வசதியும் நலனும் ஆகியவற்றைப் பேணுவது பிரதேச சபையின் பொறுப்பு என்று சொல்கின்றது. நடைமுறையோ வேறு. மணல் அள்ள உரிமம் வழங்குவது கொழும்பைத் தலைமையாகக் கொண்ட புவிச்சரிதவியல் சுரங்கப் பணியகம். கடற்கரை வேறொரு திணைக்களத்துக்கு. கமக்காரரின் குளம் இன்னொரு திணைக்களத்துக்கு. குழாய்நீர் நீர்வழங்கல் சபைக்கு. பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சபைக்கு எஞ்சுவது என்ன? குப்பை வண்டியும், சந்தை வாடகையும், தெருவிளக்கும், சோலை வரியும், தண்ணீர்ப் பவுசரும்! மணலைக் கொண்டு போக ஒருவன் அனுமதி கொடுப்பான். மணல் போனதால் வற்றிய கிணற்றுக்காரனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது சபையின் கடமையாம்! இலாபம் ஒருவனுக்கு, ஈடுசெய்வது ஊருக்கு. இது என்ன நீதி?

இன்னுமொன்று. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்தை 2021 இலே ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அரசாங்கம் முடிவு செய்தது. இந்தியா முகஞ்சுளித்தது. திட்டம் கைமாறிற்று. 2024 மார்ச்சிலே, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. ஆசியாவின் இரு பெரும் வல்லரசுகள் நம் சின்னஞ்சிறு தீவுகளைப் பற்றித் தலைநகரங்களிலே பேசின. அந்தப் பேச்சிலே நயினாதீவு மீனவனுக்கும், அவனுடைய பிரதேச சபைக்கும் எங்கே இடமிருந்தது? மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வரட்டும், நன்றாக வரட்டும். நம் முற்றத்தைப் பற்றி நம்மைத் தவிர எல்லாரும் பேசுவதுதான் உலக வழக்கமா என்றே கேட்கிறோம்.

அவ்வாறே 2025 செப்டெம்பர் 1 ஆம் நாள் மண்டைதீவிலே அனைத்துலகக் கிரிக்கெட் மைதானத்துக்குச் சனாதிபதி அடிக்கல் நாட்டினார். இளைஞருக்கு விளையாட்டு வேண்டும். அதை மறுப்பவர் எவருமிலர். ஆனால் மண்டைதீவு கண்டலும் சதுப்பும் பரவைக் கடலும் கூடிய தாழ்நிலம். மழைவெள்ளம் எங்கே வடியும்? பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்துக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும்? இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கு என்ன நேரும்? இக்கேள்விகளுக்கு விடை அடிக்கல் நாட்டுவதற்கு முன்னர் ஊர்ச்சபையின் மண்டபத்திலே, மக்கள் முன்னிலையிலே, தமிழிலே சொல்லப்பட வேண்டும். பராக்கிரமபாகு தமிழில் சொன்னான். இவர்களுக்கு என்ன தடை?

அடுத்த குற்றவாளி நாமே

கொழும்பைச் சாடினால் கைதட்டுவோர் பலர். இனிச் சொல்லப்போவதற்குக் கைதட்டுவோர் சிலரே இருப்பர். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

1957 இலே பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகள் தருவதாக ஏற்றது. 1958 இலே அது கிழித்தெறியப்பட்டது. 1965 இலே டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகள் தருவதாக ஏற்றது. அதுவும் கைவிடப்பட்டது. இந்தத் துரோகங்களைப் பற்றி மேடைதோறும் பேசினோம், பேசியது சரியே. வட மாகாண சபை 2013 இலே அமைந்து 2018 இலே காலம் முடிந்தபின், அதற்கும் தேர்தல் வைக்காது இழுத்தடித்ததைக் கண்டித்தோம், அதுவும் சரியே. ஆனால் நம் கையிலே இருந்த சின்னஞ்சிறு ஊர்ச்சபையை நாம் எப்படி நடத்தினோம்? அதற்கு அனுப்பிய ஆட்களை எந்தத் தகுதி நோக்கித் தெரிந்தோம்? எந்தக் கட்சிக்கொடி, எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்று பார்த்தோமேயன்றி, ‘உனக்கு நம் ஊரின் குளங்கள் எத்தனை என்று தெரியுமா?’ என்று ஒரு வேட்பாளனிடமாவது கேட்டோமா?

உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே! உங்களிற் பலர் தீவகத்திலே பிறந்து, வேலணை மத்திய கல்லூரி போன்ற பள்ளிகளிலே இலவசக் கல்வி பெற்று, இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் பொறியியலாளராக, மருத்துவராக, கணக்காளராக விளங்குகின்றீர்கள். ஊர்ச்சபையின் வரவு செலவுக் கணக்கை உங்களுள் எத்தனை பேர் ஒருமுறையேனும் கையிலெடுத்துப் பார்த்தீர்கள்? ஊரிலே இருக்கும் உங்கள் காணிக்குச் சோலை வரி கட்டினீர்களா? கோயில் கோபுரத்துக்குப் பணம் அனுப்பினீர்கள். வாழ்க உங்கள் பத்தி! கோயிலைக் குறை கூறுவதற்கு நாம் முற்படவில்லை. ஆனால் கோபுரத்தின் நிழல் விழுந்து ஆடிய தெப்பக்கேணி தூர்ந்து கிடக்க, வண்ணம் தீட்டிய கோபுரத்தைப் பார்த்து இறைவன் மகிழ்வான் என்று நினைக்கின்றீர்களா? தீர்த்தம் இல்லாத தலம் உண்டா?

உழவர் பெருமக்களே! உங்களையும் ஒன்று கேட்கவேண்டும். மழை பொய்த்த ஆண்டிலே இயந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிட்டது யார்? அயலவன் கிணறு வற்றினால் நமக்கென்ன என்றிருந்தது யார்? மண்வண்டிக்காரன் கொடுத்த காசுக்காகத் தன் காணி மணலைத் தானே விற்றது யார்? நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவன் காணியிலே தோண்டிய குழி பத்துப் பேர் கிணற்றிலே உவராய் வந்து நிற்கும். பூவரசங்குழையும் சாதாளையும் தாட்டு மண்ணை வளர்த்த நம் முன்னோர், மண் தமக்கு மட்டும் உரியதென்று நினைக்கவில்லை.

இன்னும் ஒரு பழியை நாம் மறைத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டிலும் தீவகத்திலும், சக தமிழனையே ‘நீ இந்தக் கிணற்றில் அள்ளாதே’ என்று தடுத்த கொடுமை இருந்தது. அதைக் குற்றமாக்க 1957 இலே பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பின்னும் பல ஊர்களிலே பழக்கம் தொடர்ந்தது. நன்னீர் நிறைந்திருந்த காலத்திலே ஒரு பகுதியாருக்கு வாளியைத் தொடவிடாத ஊர், இன்று எல்லாருமாகப் பவுசருக்குக் காத்து நிற்கின்றது! இதிலே ஒரு பாடம் இல்லையா? பொதுநீரைப் பொதுவாகப் பேணாதவன் அதை இழப்பான். அது இயற்கையின் தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு இல்லை.

மூன்று மறுப்புக்கு மூன்று விடை

‘அரசியல் தீர்வு வரட்டும், குளத்தைப் பின்னர் பார்க்கலாம்’ என்பர் சிலர். தீர்வுக்கு நாம் காத்திருக்கலாம்; உவர்நீர் காத்திருக்குமா? தீர்வு வரும் நாளிலே ஆளுவதற்கு மண்ணும் மக்களும் இருக்கவேண்டாமா? ஊரை ஆளக் கற்காதவனிடம் மாகாணத்தைக் கொடுத்தால் அதை அவன் எப்படி ஆள்வான்? வீட்டு முற்றத்தைக் கூட்டாதவன் நாட்டைத் திருத்தப் புறப்படுவது போன்றதே இவ்வாதம்.

‘ஊரிலே சனமே இல்லை, யாருக்காகக் குளம்?’ என்பர் வேறு சிலர். வரிசையை மாற்றிப் பேசுகின்றனர் இவர்கள். போரினால் போனவர் உண்மையிலே பலர். தெற்கிலே கடை வைத்துப் பிழைத்த தீவகத்து வணிகர் 1958 இலும் 1977 இலும் 1983 இலும் கொள்ளை கொடுத்து ஓடிவந்தபோது, அவர்களை ஏந்திக்கொண்டது இந்த ஊர் மண்தான். 1990 இலே ஊரும் போயிற்று. ஆனால் போர் 2009 இலே முடிந்தது. அதன்பின்னும் திரும்பாதவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாழடைந்த வீட்டைக் காசு கொடுத்துத் திருத்தலாம். உவர்த்த கிணற்றை எந்தக் காசு கொடுத்துத் திருத்துவது? நீர் இருந்தால் சனம் வரும். சனம் வந்தபின் நீர் தேடுவோமென்பது, விளைந்தபின் விதைப்போமென்பது போலாகும்.

‘கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டதே, இனிக் குளம் எதற்கு?’ என்பர் மற்றும் சிலர். 2024 இலே தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நீர் தரும் ஆலை திறக்கப்பட்டது உண்மை. குடிக்க நீர் வருவது நல்லதே. எனினும் குழாய்நீர் குடத்துக்குப் போதும். வெங்காயப் பாத்திக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் போதுமா? பனைக்கும் பசுவுக்கும் யார் குழாய் போடுவார்? அன்றியும், மின்சாரத்தை நம்பிய நீர், மின்சாரத்துக்குப் பணம் உள்ள நாள்வரைதான். 2022 இலே இந்நாடு எரிபொருளுக்கு வரிசை நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? குளத்துக்கு எரிபொருள் வேண்டியதில்லை. வானம் தரும், நாம் ஏந்தவேண்டும்.

செய்ய வேண்டியது யாது?

குறை சொல்லி விலகுவது எழுத்தாளனுக்கு அழகன்று. ஆகவே வேலணைச் சபையாரிடமும், அவர்களைத் தெரிந்தெடுத்த மக்களிடமும், ஐந்து கோரிக்கைகளைத் துணிந்து முன்வைக்கின்றோம்.

ஒன்று: சபை எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குளத்துக்கும் கேணிக்கும் துரவுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். பெயர், எல்லை, ஆழம், எந்தத் திணைக்களத்துக்கு உரியது, இறுதியாகத் தூர்வாரிய ஆண்டு ஆகியவை அதிலே எழுதப்பட்டு, சபை வாயிலிலே எல்லாரும் காணத் தொங்கவேண்டும்.

இரண்டு: சபையின் தீர்மானம் இன்றி ஒரு வண்டி மணலேனும் தீவகத்தை விட்டுப் போகலாகாது. உரிமம் கொடுப்பது கொழும்பாயினும், ‘எம் ஊர் சம்மதிக்கவில்லை’ என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி அனுப்பச் சபைக்கு எவரும் தடையில்லை. தீர்மானத்தை மதியாவிடின் நீதிமன்றம் இருக்கின்றது, மக்கள் இருக்கின்றனர்.

மூன்று: வைகாசி தொடங்கி ஆவணிக்குள் ஆண்டுதோறும் சில குளங்களாயினும் ஆழமாக்கப்பட வேண்டும். தரவைகளிலே உவர்நீர் உட்புகும் வாய்களுக்குத் தடுப்பணை வேண்டும். எடுத்த வண்டலைக் கமக்காரருக்கே கொடுக்கலாம். ஊர் கூடித் தேர் இழுக்கும் நம்மால், ஊர் கூடிக் குளம் தோண்ட முடியாதா?

நான்கு: வெளிநாடுகளிலுள்ள நம் ஊர்ச் சங்கங்கள், ஒரு கோயில் திருப்பணிக்கு ஒரு குளத்துத் திருப்பணி என்று விரதம் பூணட்டும். அந்தப் பணம் தனியார் கைக்குப் போகாது, சபையின் கணக்கிலே வரவு வைக்கப்பட்டு, செலவு முழுவதும் வெளியிடப்படட்டும். பணம் அனுப்புவோர் கணக்குக் கேட்கும் உரிமையையும் சேர்த்து அனுப்புங்கள்!

ஐந்து: மைதானமாயினும், மின்னாலையாயினும், உல்லாச விடுதியாயினும், படைமுகாமாயினும், காணியையும் நீரையும் தொடும் எந்தத் திட்டமும் சபையின் பகிரங்கக் கூட்டத்திலே தமிழில் வைக்கப்பட்ட பின்னரே தொடங்கவேண்டும். நயினாதீவு, புங்குடுதீவு மக்களும் வந்து பேசத்தக்க நேரத்திலே அக்கூட்டம் கூடவேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய சட்டத்தை வேண்டி நிற்பதன்று. வேண்டுவது துணிவும் நாணயமும் மட்டுமே. இவ்வைந்தையும் செய்து காட்டும் சபையைப் பார்த்து, ‘உங்களுக்கு ஆளத் தெரியாது’ என்று கொழும்பிலே எந்த மந்திரி வாய் திறப்பான்?

தமிழ்ப் பெருமக்களே! ஒல்லாந்தன் இத்தீவுக்குத் தன் பட்டினத்தின் பெயரைச் சூட்டினான். தன் தாய்நாட்டிலோ, கடல் ஏறிவரும் தாழ்ந்த நிலத்தை அணை கட்டிக் காக்க, அரசுகள் தோன்றுமுன்பே ஊர்தோறும் நீர்ச்சபைகளை அமைத்து, வரி செலுத்தி, வாக்களித்து, இன்றுவரை அவற்றைப் பேணி வருகின்றான். கடலுக்கும் கீழான மண்ணிலே அவன் நன்செய் கண்டான். அவன் விட்டுச்சென்ற பெயரை நாம் வைத்திருக்கின்றோம். அவனிடம் கற்றிருக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டோம்.

ஐப்பசி மழை இவ்வாண்டும் வரும். வேலணை வானிலே மேகம் கறுக்கும். ஓட்டுக் கூரையிலே பெருந்துளி விழும். குளங்களின் வாய் தேடி வெள்ளம் ஓடும். அந்த வெள்ளத்தை ஏந்தும் குளம் இருக்குமா, அல்லது அது வீதி மறித்துப் பரவைக் கடலிலே போய் விழுமா? அதை முடிவு செய்ய வேண்டியது கொழும்பன்று. சபையின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டறிந்து, மண்வெட்டியோடு வேண்டாம், ஒரு கேள்வியோடாவது அங்கே போங்கள். ‘எங்கள் குளம் எங்கே?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை எழும்பாதீர்கள்!